மாநிலத் தொழில் வரி வரவு: அமெரிக்க வருமான வரிக் கணக்கில் கோரும் முறை

அமெரிக்காவில் தொழில் நடத்தும் ஒருவர் இயந்திரம் வாங்கினாலோ, புதிதாக ஆட்களை வேலைக்கு எடுத்தாலோ, ஆராய்ச்சிக்குச் செலவிட்டாலோ, பல மாநிலங்கள் அவர் கட்ட வேண்டிய மாநில வருமான வரியில் ஒரு தொகையைக் குறைத்துக்கொள்ள இடம் தருகின்றன. இத்தொகை மாநிலத் தொழில் வரி வரவு எனப்படும். ஆங்கிலத்தில் டாக்ஸ் கிரெடிட் என்பதையே இங்கு வரி வரவு என்கிறோம். சரக்கு மற்றும் சேவை வரியில் ‘உள்ளீட்டு வரி வரவு’ என்று படித்திருப்பீர்கள். அந்த வரவுதான் இது. வருமானம் என்ற பொருளில் பேச்சில் வழங்கும் வரவு அன்று.

இவ்வரவு தானாக வந்து சேராது. ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் வருமான வரிக் கணக்கில், அதற்குரிய படிவத்தை இணைத்துக் கோரிப் பெற வேண்டும். கோரும்போது காகிதத்தில் 6,000 டாலர் என்று எழுதப்படும் வரவு, உரியவரின் கைக்கு 6,000 டாலராகவே வந்து சேரும் என்று சொல்ல முடியாது. ஏன் அப்படி என்பதை நியூயார்க் மாநிலத்தை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. கணக்குத் தாக்கல் செய்பவர்கள் அந்தந்த ஆண்டுப் படிவத்துடன் வரும் விளக்கக் குறிப்பைப் படித்தே ஆக வேண்டும்.

மாநிலத்துக்கு ஏது வருமான வரி?

இந்திய மாணவர்களுக்கு இந்த ஐயம் எழுவது இயல்பு. நம் அரசியலமைப்பின்படி வேளாண்மை அல்லாத வருமானத்தின் மீது வரி விதிக்கும் உரிமை ஒன்றிய அரசுக்கு மட்டுமே உண்டு. வேளாண் வருமானம் மட்டும் மாநிலங்களின் பட்டியலில் இருக்கிறது. ஆகவே தமிழ்நாடு அரசு ஒரு தொழிற்சாலையை ஈர்க்க விரும்பினால் வருமான வரியில் கைவைக்க முடியாது. மூலதன மானியம், மாநிலச் சரக்கு சேவை வரியைத் திருப்பித் தருதல் போன்ற வழிகளையே நாடுகிறது. 2021ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழிற்கொள்கையில் இவை இடம்பெற்றுள்ளன.

அமெரிக்காவில் நடுவண் அரசு ஒரு வருமான வரியும், பெரும்பாலான மாநிலங்கள் தனியே ஒரு வருமான வரியும் வாங்குகின்றன. டெக்சாஸ், புளோரிடா உட்பட ஒன்பது மாநிலங்களில் மட்டும் சம்பள வருமானத்துக்கு மாநில வரி கிடையாது. மற்ற இடங்களில் ஒருவர் ஆண்டுக்கு இரண்டு கணக்குகள் தாக்கல் செய்கிறார். நடுவண் அரசுக்கு 1040 என்னும் படிவம். நியூயார்க்கில் ஆண்டு முழுதும் குடியிருப்பவராயின் மாநிலத்துக்கு ஐடி-201 என்னும் படிவம். வெளிமாநிலத்தில் குடியிருந்துகொண்டு நியூயார்க்கில் வருமானம் ஈட்டுபவருக்கு ஐடி-203. மாநிலத் தொழில் வரி வரவு இந்த மாநிலக் கணக்கில்தான் கோரப்படுகிறது. ஆனால் அதன் விளைவு நடுவண் கணக்கையும் தொடும். அதைப் பின்னர் காண்போம்.

கழிவு வேறு, வரவு வேறு

கழிவு என்பது வரி கணக்கிடுவதற்கு முன் வருமானத்திலிருந்து குறைக்கப்படுவது. வரவு என்பது வரியைக் கணக்கிட்டு முடித்த பின் அந்த வரியிலிருந்தே குறைக்கப்படுவது. நம் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80சி பிரிவு கழிவுக்கு எடுத்துக்காட்டு. 87ஏ பிரிவின் தள்ளுபடி, வரவைப் போன்றது.

மாநில வரி விகிதம் 6 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 1,000 டாலர் கழிவு கிடைத்தால் மிச்சம் 60 டாலர். 1,000 டாலர் வரவு கிடைத்தால், கட்ட வேண்டிய வரி அந்த அளவுக்கு இருக்கும்வரை, மிச்சம் 1,000 டாலர். ‘வரி அந்த அளவுக்கு இருக்கும்வரை’ என்ற சொற்களைக் கவனியுங்கள். கடன் வாங்கி இயந்திரம் போட்ட புதுத் தொழிலுக்கு முதல் சில ஆண்டுகள் இலாபமே இருக்காது. இலாபம் இல்லையேல் வரி இல்லை. வரி இல்லையேல் வரவை எதில் கழிப்பது? வரவு மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அதைப் பயன்படுத்த வழி இருப்பதில்லை.

மிஞ்சிய வரவு என்ன ஆகும்?

வரியைவிட வரவு அதிகமாக இருந்தால் மீதம் என்ன ஆகும் என்பதை ஒவ்வொரு வரவுக்கும் அதைப் படைத்த சட்டமே சொல்கிறது. சில வரவுகளின் மீதம் அந்த ஆண்டோடு அழிந்துவிடும். சிலவற்றின் மீதத்தை அடுத்த ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லலாம். நியூயார்க்கின் முதலீட்டு வரி வரவை ஒரு தனிநபர் 10 ஆண்டுகள் வரை எடுத்துச் செல்லலாம். கலிபோர்னியாவின் ஆராய்ச்சி வரவுக்கு ஆண்டு வரம்பே இல்லை. சில வரவுகளின் மீதத்தை மாநிலம் காசோலையாகவே அனுப்பிவிடும். இவை திரும்பப் பெறத்தக்க வரவுகள்.

பிறருக்கு விற்கத்தக்க வரவுகளும் உண்டு. ஜார்ஜியா மாநிலத்தின் திரைப்பட வரவு இதற்குப் பேர்போனது. அங்கு படப்பிடிப்புக்குச் செய்யும் தகுதியுள்ள செலவில் 20 விழுக்காடும், படத்தில் மாநிலத்தின் சின்னத்தைக் காட்டினால் மேலும் 10 விழுக்காடும் வரவாகக் கிடைக்கும். வெளியிலிருந்து வரும் படநிறுவனத்துக்கு ஜார்ஜியாவில் கட்ட வேண்டிய வரி சொற்பமே. எனவே அந்நிறுவனம் தன் வரவை, ஜார்ஜியாவில் வரி கட்ட வேண்டிய வேறொருவருக்கு முகமதிப்பைவிடக் குறைந்த விலைக்கு விற்றுவிடுகிறது. படத்துக்கும் வாங்கியவருக்கும் ஒரு தொடர்பும் இருக்காது. ஆனாலும் அவருடைய வருமான வரிக் கணக்கில் திரைப்பட வரவு ஏறிவிடும்!

எடுத்துச் செல்லலாம் என்று சட்டம் சொன்னாலும் அதை முழுதாக நம்பிவிட முடியாது. கலிபோர்னியா நிதி நெருக்கடி வரும்போதெல்லாம் வரவுகளை நிறுத்தி வைக்கும் மாநிலம். 2020, 2021 ஆண்டுகளுக்கும், மீண்டும் 2024 முதல் 2026 வரையும், ஒரு வரி செலுத்துவோர் ஓராண்டில் பயன்படுத்தக்கூடிய தொழில் வரவுகளுக்கு 50 இலட்சம் டாலர் என்று உச்சவரம்பு வைத்தது. சிறு தொழில்களை இது தொடாது. பெரிய நிறுமங்களுக்கோ கணக்கேட்டில் இருக்கும் வரவு கைக்கு எட்டாமல் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகும்.

ஒரு மரச்சாமான் பட்டறையின் கணக்கு

இனி ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் ஒருவர் மரச்சாமான் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். 1,50,000 டாலருக்கு மரம் அறுக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கி நிறுவுகிறார்.

நியூயார்க்கின் முதலீட்டு வரி வரவுக்கு இயந்திரம் சில நிபந்தனைகளை நிறைவு செய்ய வேண்டும். அது விலைக்கு வாங்கியதாக, தேய்மானம் கணக்கிடத்தக்கதாக, நான்கு ஆண்டுகளோ அதற்கு மேலோ உழைக்கக்கூடியதாக, மாநிலத்துக்குள் இருப்பதாக இருக்க வேண்டும். பொருள் உற்பத்தி, பதப்படுத்துதல், வேளாண்மை போன்ற குறிப்பிட்ட வேலைகளுக்கே அது முதன்மையாகப் பயன்பட வேண்டும். அறுக்கும் இயந்திரம் தேறிவிடும். அதே பட்டறையின் முன்னறையில் வாடிக்கையாளருக்குச் சாமான்களைக் காட்ட வைத்திருக்கும் அலங்கார அலமாரி தேறாது, ஏனெனில் அது விற்பனைக்குப் பயன்படுகிறதே தவிர உற்பத்திக்கு அன்று. ‘என் தொழில் உற்பத்தித் தொழில்தானே, அதனால் நான் வாங்கிய எல்லாவற்றுக்கும் வரவு உண்டு’ என்று நினைப்பது தவறு. சட்டம் பொருள் பொருளாகவே பார்க்கிறது.

தனிநபர் வருமான வரியில் இவ்வரவின் விகிதம் 4 விழுக்காடு. ஆகவே 1,50,000 டாலருக்கு 6,000 டாலர் வரவு. இது ஐடி-212 என்னும் படிவத்தில் கணக்கிடப்படுகிறது. அவ்வாண்டு அவர் நியூயார்க் மாநிலத்துக்குக் கட்ட வேண்டிய வரி 4,500 டாலர் என்று கொள்வோம். அந்த வரி முழுதும் நீங்கும். 1,500 டாலர் மிஞ்சும். பழைய தொழிலாயின் இந்த 1,500 அடுத்தடுத்த ஆண்டுகளுக்குப் போகும். தொடங்கிச் சில ஆண்டுகளே ஆன புதிய தொழில் என்று சட்டத்தின் வரையறைக்குள் வந்தால், எடுத்துச் செல்லாமல் 1,500 டாலரையும் பணமாகவே கேட்கலாம். ஆனால் அந்தத் தேர்வை அவரே படிவத்தில் செய்ய வேண்டும்.

நிறுமம் ஈட்டும், உரிமையாளர் பயன்படுத்துவார்

மேலே உரிமையாளரும் பட்டறையும் ஒருவரே போலப் பேசினோம். நடைமுறையில் பெரும்பாலான சிறு தொழில்கள் கூட்டாண்மையாகவோ, எஸ் கார்ப்பரேஷன் எனப்படும் நிறுமமாகவோ பதிவு செய்யப்பட்டிருக்கும். இவற்றின் இலாபத்துக்குப் பொதுவாக நிறுவன மட்டத்தில் வருமான வரி இல்லை. இலாபம் அப்படியே கடந்து சென்று, உரிமையாளர்களின் தனிப்பட்ட வருமானக் கணக்கில் சேர்ந்து, அங்கே வரிக்கு உட்படும்.

வரவும் அதே பாதையில்தான் செல்கிறது. இயந்திரத்தை வாங்கியது நிறுவனம்; தகுதியைக் காட்ட வேண்டியதும் நிறுவனம். ஆனால் வரவைத் தன் வரியில் கழிப்பவர் உரிமையாளர். நியூயார்க்கில் எஸ் கார்ப்பரேஷன் தன் படிவத்தில் வரவைக் கணக்கிட்டு, ஒவ்வொரு பங்குதாரருக்கும் அவர் பங்கு எவ்வளவு என்று எழுதித் தருகிறது. கூட்டாண்மையாயின் தனிநபர் கூட்டாளிக்கு ஐடி-204-ஐபி என்னும் தாள் வரும். கூட்டாளி அந்தத் தாளில் உள்ள தொகையை ஐடி-212க்கு மாற்றி எழுதித் தன் கணக்குடன் இணைக்க வேண்டும். தாள் வந்ததோடு வேலை முடிந்தது என்று விட்டுவிட்டால் வரவு கோரப்படாமலே போகும். சிறு கூட்டாண்மைகளில் இது நடப்பதுண்டு, ஏனெனில் நிறுவனத்தின் கணக்கை ஒருவரும் கூட்டாளியின் சொந்தக் கணக்கை வேறொருவரும் தயாரிப்பார்கள்.

ஒரே வரவு இரண்டு கூட்டாளிகளுக்கு இரண்டு விதமாகப் பயன்படலாம். 6,000 டாலர் வரவு 60க்கு 40 என்று பிரிகிறது என்க. 3,600 பெற்றவருக்கு வேறு வருமானமும் இருந்து 9,000 டாலர் வரி இருந்தால், அவர் முழுவதையும் முதல் ஆண்டே பயன்படுத்திவிடுவார். 2,400 பெற்றவர் புளோரிடாவில் குடியிருந்து, நியூயார்க்கில் ஈட்டிய பங்குக்கு மட்டும் 700 டாலர் வரி கட்டுபவராக இருந்தால், 1,700 டாலரைத் தூக்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் நடக்க வேண்டும். இயந்திரத்துக்கு இருவரும் பங்கு விகிதப்படிதான் பணம் போட்டார்கள். கூட்டாண்மை ஒப்பந்தம் எழுதும்போது இதையெல்லாம் பேசித் தீர்ப்பவர்கள் குறைவு.

எதை முதலில் கழிப்பது

ஒருவரிடம் பல வகை வரவுகள் இருந்தால் வரிசை மிகவும் முக்கியம். கட்ட வேண்டிய வரி 5,000 டாலர். வேறொரு மாநிலத்துக்குக் கட்டிய வரிக்காக நியூயார்க் தரும் வரவு 3,000 டாலர். இதன் மீதத்தை எடுத்துச் செல்ல முடியாது. முதலீட்டு வரவு 4,000 டாலர். 10 ஆண்டு எடுத்துச் செல்லலாம். திரும்பப் பெறத்தக்க வரவு ஒன்று 1,000 டாலர்.

முதலில் 3,000ஐக் கழித்தால் வரி 2,000 ஆகும். முதலீட்டு வரவில் 2,000ஐக் கழித்தால் வரி பூச்சியம்; 2,000 வரவு அடுத்த ஆண்டுக்கு. திரும்பப் பெறத்தக்க 1,000 பணமாகக் கைக்கு வரும். இதையே தலைகீழாகச் செய்து, 1,000ஐயும் 4,000ஐயும் முதலில் கழித்துவிட்டால் வரி அங்கேயே பூச்சியமாகிவிடும்; எடுத்துச் செல்ல முடியாத 3,000 டாலர் முழுதும் வீணாகும்.

நியூயார்க் இந்த வரிசையைப் பெரும்பாலும் படிவத்திலேயே அமைத்து வைத்திருக்கிறது. எடுத்துச் செல்ல முடியாதவை முதலில், எடுத்துச் செல்லத்தக்கவை அடுத்து, திரும்பப் பெறத்தக்கவை கடைசியில். இரண்டு மூன்று எடுத்துச் செல்லத்தக்க வரவுகள் இருக்கும்போது, முதலில் காலாவதியாகப் போவதை முதலில் தீர்ப்பதே அறிவுடைமை. கடையில் பால் பாக்கெட்டின் தேதியைப் பார்த்து எடுக்கும் கணக்குதான்.

சான்றிதழ் வேண்டிய வரவுகள்

முதலீட்டு வரவைப் போன்றவற்றுக்கு முன் அனுமதி தேவையில்லை. சட்டத்தின் நிபந்தனை நிறைவேறினால் படிவத்தை நிரப்பிக் கோரிவிடலாம். வேறு சில வரவுகளுக்கு வரித்துறையின் படிவம் மட்டும் போதாது; தொழில் வளர்ச்சித் துறையின் சான்றிதழும் வேண்டும். நியூயார்க்கின் எக்செல்சியர் வேலைவாய்ப்புத் திட்டம் இவ்வகையது. நிறுவனம் முன்னதாகவே விண்ணப்பித்துச் சேர வேண்டும். சொன்ன வேலைகளை உருவாக்கிக் காட்ட வேண்டும். அதன் பிறகே எம்பயர் ஸ்டேட் டெவலப்மெண்ட் என்னும் மாநில அமைப்பு அந்த ஆண்டுக்குரிய வரவுச் சான்றிதழைத் தரும். புதிய வேலைகளின் ஊதியத்தில் 6.85 விழுக்காடு வரை வரவு கிடைக்கும். திட்டத்தில் சேராமல் பத்துப் பேருக்கு வேலை கொடுத்துவிட்டுப் பிறகு படிவத்தை நிரப்பினால் ஒன்றும் கிடைக்காது.

இந்தக் கெடுபிடிக்கு ஒரு வரலாறு உண்டு. இதற்கு முன் இருந்தது எம்பயர் மண்டலத் திட்டம். 1986இல் தொடங்கிய பொருளாதார வளர்ச்சி மண்டலங்கள் 2000ஆம் ஆண்டில் இப்பெயரில் விரிவாக்கப்பட்டன. நலிந்த பகுதிகளில் தொழில் தொடங்குவோருக்கு முதலீட்டு வரவு, ஊதிய வரவு, சொத்து வரி வரவு எனத் தாராளமாக வழங்கப்பட்டன. சில பழைய நிறுவனங்கள் அதே ஆட்களையும் அதே கட்டடத்தையும் வைத்துக்கொண்டு, புதுப் பெயரில் பதிவு செய்து, புதிய வேலைகளை உருவாக்கியதாக வரவு பெற்றன. இவர்களுக்கு அங்கே ‘சட்டை மாற்றுபவர்கள்’ என்று பெயர் வந்தது. 2009 ஏப்ரலில் சட்டமன்றம் விதியைக் கடுமையாக்கியது. சட்டை மாற்றியவர்கள், பெற்ற வரிச் சலுகை அளவுக்குக்கூட ஊதியமும் முதலீடும் தராதவர்கள் ஆகியோரின் சான்றிதழ்களை இரத்து செய்ய அச்சட்டம் வழிசெய்தது. அதோடு நில்லாமல், அந்த இரத்து 2008 சனவரி முதல் தேதியிலிருந்தே செல்லும் என்று முன்தேதியிட்டும் நடவடிக்கை எடுக்கப்பட்டது.

2008ஆம் ஆண்டு முழுதும் வரவு உண்டு என்று நம்பிப் பணம் செலவிட்டவர்கள் நீதிமன்றம் சென்றனர். 2013இல் அம்மாநிலத்தின் உச்ச நிலையில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம், முன்தேதியிட்டுச் சலுகையைப் பறிப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. ஏமாற்றியவர்களைப் பிடிக்க வேண்டும் என்பதில் இரு கருத்து இல்லை. ஆயினும் முடிந்துபோன ஓர் ஆண்டின் விதியைப் பின்னால் மாற்றுவது நியாயம் அன்று. நீதிமன்றத்தின் நிலையே சரியானது என்று இக்கட்டுரையாளர் கருதுகிறார். எம்பயர் மண்டலத் திட்டத்தில் புதியவர்களைச் சேர்ப்பது 2010 சூன் 30உடன் நின்றது. அதன் இடத்துக்கு வந்ததுதான் எக்செல்சியர் திட்டம்.

நடுவண் அரசு கேட்கும் பங்கு

மாநிலம் கொடுத்த வரவுக்கு நடுவண் அரசு வருமான வரி கேட்குமா? இது பல ஆண்டுகள் குழப்பமாக இருந்த கேள்வி. எம்பயர் மண்டல வரவுகளைப் பெற்ற ஒரு நியூயார்க் தம்பதியின் வழக்கில் 2015இல் அமெரிக்க வரி நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. தங்கள் வரியைவிட மிகுதியாக வரவு பெற்று, மீதத்தைப் பணமாக வாங்கியவர்கள் அவர்கள். மாநிலச் சட்டம் அந்தப் பணத்தை ‘அதிகமாகக் கட்டிய வரியின் திருப்பம்’ என்று அழைத்தது. ஆகவே அது வருமானம் அன்று என்பது அவர்கள் வாதம். மாநிலம் ஒட்டிய பெயர்ச்சீட்டு நடுவண் சட்டத்தைக் கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. கட்டாத வரி எப்படித் திரும்பி வரும்? கட்டிய வரிக்கு மேல் வந்த முதலீட்டு வரவும் ஊதிய வரவும் மாநிலம் கொடுத்த உதவித்தொகை போன்றவை, ஆகவே வருமானம். சொத்து வரி வரவின் மீதத்தை மட்டும், முன்பு கட்டிய சொத்து வரி திரும்பி வந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. ஆனால் அந்தச் சொத்து வரியை ஏற்கெனவே செலவாகக் காட்டி நடுவண் வரியில் பயன் அடைந்திருந்தால், திரும்பி வந்த தொகையும் வருமானமே.

இதை நம் பட்டறைக்குப் பொருத்திப் பார்ப்போம். அவர் நடுவண் வரியில் 22 விழுக்காட்டுப் படியில் இருக்கிறார் என்க. பணமாகப் பெற்ற 1,500 டாலர் இத்தீர்ப்பின் வழியில் வருமானம். அதற்கு நடுவண் வரி 330 டாலர். வரியில் கழிந்த 4,500 டாலர் வருமானம் அன்று. ஆனால் மாநில வரி குறைந்ததால், மாநில வரியை நடுவண் கணக்கில் கழிவாகக் காட்டும் வாய்ப்பும் அந்த அளவுக்குக் குறைகிறது. செலவுகளைத் தனித்தனியே பட்டியலிட்டுக் கழிவு கோருபவராயின் இதனால் 990 டாலர் கூடுதல் வரி. இரண்டும் சேர்ந்து 1,320. ஆக 6,000 டாலர் வரவின் நிகர மதிப்பு 4,680 டாலர். பட்டியலிடாமல் நிலைக் கழிவு எடுத்துக்கொள்பவருக்கு அந்த 990 இழப்பு இல்லை.

ஆண்டின் நடுவே முன்வரியாக 4,500 டாலர் கட்டிவிட்டு, வரவினால் அது முழுதும் திரும்பி வந்தால் அது அவருடைய சொந்தப் பணம். அத்துடன் வந்த 1,500 மாநிலத்தின் பணம். காசோலை ஒன்றே, 6,000 டாலருக்கு. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் முழுவதையும் வருமானமாகக் காட்டினால் மிகுதியாக வரி கட்டுவார். ஒன்றையுமே காட்டாமல் விட்டால் அறிக்கை வரும்.

விற்கத்தக்க வரவிலும் இந்தச் சிக்கல் உண்டு. கொலராடோவில் நிலப் பாதுகாப்புக்காகக் கிடைத்த மாநில வரவுகளை விற்ற ஒருவரின் வழக்கில், விற்ற பணம் மூலதன ஆதாயமே என்றும், வரவுக்கு அடக்கவிலை ஏதும் இல்லை என்றும் வரி நீதிமன்றம் 2011இல் கூறியது.

வரவு போன்ற தோற்றம்

2021 முதல் நியூயார்க் கணக்குகளில் அடிக்கடி காணப்படும் இன்னொரு வரவையும் இங்கே சொல்ல வேண்டும். மாநில, உள்ளாட்சி வரிகளை நடுவண் கணக்கில் கழிப்பதற்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் 10,000 டாலர் உச்சவரம்பு வைத்தது. 2025ஆம் ஆண்டுச் சட்டம் அதை 40,000 டாலராக உயர்த்தியது, மிகு வருமானத்தாருக்கு மட்டும் குறைவு. வரம்பு வந்ததும் மாநிலங்கள் ஒரு மாற்று வழி கண்டன. கூட்டாண்மையோ எஸ் கார்ப்பரேஷனோ தானாக விரும்பி நிறுவன மட்டத்தில் மாநில வரியைக் கட்டலாம்; நிறுவனத்தின் செலவு என்பதால் அதற்கு இந்த வரம்பு இல்லை. அவ்வாறு கட்டியதற்கு ஈடாக உரிமையாளரின் மாநிலக் கணக்கில் வரவு தரப்படும்.

பெயர் வரவுதானே தவிர இது ஊக்கத்தொகை அன்று. நிறுவனத்தின் வழியாகத் தான் கட்டிய வரிக்கான இரசீது எனலாம். நியூயார்க்கில் இதன் மீதம் பணமாகத் திரும்பும். கலிபோர்னியாவில் திரும்பாது, ஐந்து ஆண்டுகள் மட்டும் எடுத்துச் செல்லலாம். ஒரே நோக்கத்துக்காகப் பிறந்த வரவுதான், இரண்டு மாநிலங்களில் இரண்டு குணம்.

கொடுத்ததைத் திரும்பக் கேட்டல்

இயந்திரத்துக்கு வரவு வாங்கிவிட்டு அடுத்த ஆண்டே அதை விற்றால், அல்லது வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோனால், வரவின் ஒரு பகுதியை மாநிலம் திரும்பக் கேட்கும். நியூயார்க்கில் பெரும்பாலான இயந்திரங்களுக்கு 60 மாதக் கணக்கு. நம் பட்டறைக்காரர் 6,000 டாலரையும் பயன்படுத்தி முடித்துவிட்டார் என்று கொள்வோம். 24 மாதம் ஓடியபின் இயந்திரத்தை விற்றால், மீதமுள்ள 36 மாதத்துக்குரிய பங்கு, அதாவது 6,000ஐ 60ஆல் வகுத்து 36ஆல் பெருக்கினால் வரும் 3,600 டாலர், விற்ற ஆண்டின் வரியுடன் சேர்ந்துவிடும். கூட்டாண்மையின் இயந்திரமாயின் இந்தச் சுமையும் கூட்டாளிகளின் சொந்தக் கணக்குக்கே கடந்து வரும். நிறுவனத்தை விலைபேசும்போது வாங்குபவரும் விற்பவரும் இதைக் கேட்டறிவது நல்லது.

இப்படி வரவு கொடுப்பதே சரிதானா?

இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஓஹியோ மாநிலத்தின் டொலிடோ நகரில் ஜீப் தொழிற்சாலையை விரிவாக்க 1998இல் டைம்லர் கிறைஸ்லர் நிறுவனம் ஒப்பந்தம் செய்தது. மாநில முதலீட்டு வரவும் நகரத்தின் சொத்து வரி விலக்கும் சேர்ந்து அதற்கு ஏறக்குறைய 28 கோடி டாலர் சலுகை மதிப்பிடப்பட்டது. அவ்வூர் வரி செலுத்துவோர் சிலர், இது தங்கள் வரிச்சுமையைக் கூட்டுகிறது என்றும், மாநிலங்களுக்கிடையேயான வணிகத்தில் பாகுபாடு காட்டுகிறது என்றும் வழக்குத் தொடுத்தனர். 2004இல் கீழ் மேல்முறையீட்டு நீதிமன்றம் முதலீட்டு வரவு செல்லாது என்றது. அத்தீர்ப்பு நின்றிருந்தால் நாடெங்கும் இவ்வகை வரவுகள் ஆட்டம் கண்டிருக்கும். 2006இல் உச்ச நீதிமன்றம், வெறும் வரி செலுத்துவோர் என்ற தகுதியில் இவ்வழக்கைத் தொடுக்க அவர்களுக்கு உரிமை இல்லை என்று கூறி அத்தீர்ப்பை நீக்கியது. வரவு சரியா தவறா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் விடை சொல்லவில்லை. அது இன்னும் திறந்தே இருக்கிறது.

பதிவேடும் திருத்தக் கணக்கும்

வரவு கோருபவர் கைவசம் வைத்திருக்க வேண்டியவை: இயந்திரத்தின் விலைச்சீட்டு, அது வேலைக்கு வந்த தேதிக்கான சான்று, தேய்மான அட்டவணை, நிறுவனம் கொடுத்த பங்குத்தாள், தேவைப்படும் வரவுகளுக்குச் சான்றிதழ். வழக்கமாக மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து எறிந்துவிடும் காகிதங்களை இதில் எறியக் கூடாது. முதல் ஆண்டில் வாங்கிய இயந்திரத்தின் வரவு ஒன்பதாம் ஆண்டில் பயன்படுத்தப்பட்டால், அந்த ஒன்பதாம் ஆண்டுக் கணக்கை ஆராய்பவர் முதலாம் ஆண்டு விலைச்சீட்டைத்தான் கேட்பார். மீதத்தை எடுத்துச் செல்லும் ஒவ்வோர் ஆண்டும் அதே படிவத்தில் தொகையைக் காட்டிவந்தால் இந்தக் கோர்வை அறுபடாது.

கோர மறந்துவிட்டால் திருத்தக் கணக்கு தாக்கல் செய்யலாம். நியூயார்க்கில் ஐடி-201-எக்ஸ் என்னும் படிவம் அதற்கு உரியது. பொதுவாக, முதற்கணக்கைத் தாக்கல் செய்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள், அல்லது வரி கட்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள், இவற்றில் எது பிந்தியதோ அதற்குள் கோர வேண்டும். மாநிலக் கணக்கைத் திருத்தும்போது, அதனால் நடுவண் கணக்கில் காட்டிய மாநில வரிக் கழிவும் மாறுகிறதா என்று பார்த்து, மாறினால் அதையும் சரிசெய்ய வேண்டும்.